ஏட்டம்மா கொடுத்த பத்து நிமிடம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எங்கள் தெருவுக்கு நல்ல பெயர் தராத இடங்களையும், எனக்கு நல்ல பெயர் தராத இடத்தையும் விடாமல் எழுதுவேன். இது எங்கள் ஊர் நூலகத்தின் கையெழுத்து இதழுக்காக எழுதுவது. வாசிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏட்டம்மாவை அறிந்தவர்கள். தெருக்காரர்களும் இருக்கிறீர்கள், ஸ்டேஷன்காரர்களும் இருக்கிறீர்கள். நான் எங்காவது தவறியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

செய்தி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்கடை அண்ணாச்சி கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டுத் தெருவுக்குள் வந்தார். அவர் கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

"நம்ம ஏட்டம்மா போயிட்டாகளாம். தேர் பந்தோபஸ்துல காலையில இருந்து வெயில்ல நின்னுருக்காக. மயங்கி விளுந்தவுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே..."

அம்மாவின் விரலில் இருந்த காகிதம் பாதிச் சுருட்டில் அவிழ்ந்தது. "எந்த ஏட்டம்மா?" என்று கேட்டாள். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஏட்டம்மாதான். அது அம்மாவுக்கும் தெரியும். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தலைமைக் காவலர் சண்முகத்தாயைத் தெரியாதவர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். குட்டையான உருவம். நாற்பத்தைந்து வயதிருக்கும். தொப்பி அவருக்கு எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். ஒன்பது வயதிலிருந்து பதினாறு வயதுவரை தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர். அதன் பிறகு இரவுப் பாடசாலையில் படித்து, தேர்வு எழுதி, போலீஸில் சேர்ந்தார். "குச்சி அடுக்குன கை இது. அதான் லத்தியைப் பிடிச்சா பெரிசாத் தெரியுது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பார்க்கத் தொடங்கியது பிற்பாடு. முதலில் பார்த்தது லத்தியைத்தான்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு கருந்திரி செய்தோம். பட்டாசுக்குள் தீயைக் கொண்டுபோகும் கறுப்புத் திரி அது. நூலில் மருந்துக் குழம்பை ஏற்றிக் காயவைத்து வெட்டினால் திரி. லைசென்ஸ் வாங்கிய இடத்தில்தான் செய்ய வேண்டும். நாங்கள் வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் செய்தோம். ஏஜெண்ட் நூலும் மருந்தும் கொண்டுவந்து போடுவார், காய்ந்த திரியை எடுத்துப் போவார். தீபாவளி சீசனில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விரல் நுனி கறுப்பாக இருக்கும். என் பரீட்சைத் தாளில் ஒருமுறை என் கட்டைவிரல் ரேகை முழுதாகப் பதிந்திருந்தது.

ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் தெருவின் இரண்டு முனையிலும் ஜீப் வந்து நின்றது. விசில் ஊதினார்கள். பூட்ஸ் காலோடு ஓடி வந்தார்கள். லத்தியால் கதவுகளைத் தட்டினார்கள், தட்டிய வேகத்தில் இரண்டு கதவின் தாழ் பெயர்ந்தது. குனிந்து எதையோ எடுக்கப் போன ஒரு தாத்தாவுக்கு முதுகில் விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு பேச்சி சித்தியுடையது. சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் கையில் பாதி காய்ந்த திரிக் கட்டு இருந்தது. அதை அடுப்புக்கு அடியில் விறகோடு விறகாகச் செருகினாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்கள் தெருப் பெண்களுக்கு அது ஒரு கணக்கு. எரிகிற அடுப்புக்கு அடியில் எந்தப் போலீஸும் தேடமாட்டான். ஈரம் காயாத திரி அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. நிதானமாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் ஈரம், எந்தப் பக்கம் காய்ந்தது என்று சித்தி பார்த்திருப்பாள். அவளுக்குப் பார்க்க நேரமில்லை. காய்ந்த நுனி அடுப்புப் பக்கம் இருந்தது.

வெடிச் சத்தம்கூட இல்லை. உஸ்ஸென்று ஒரு வெள்ளை வெளிச்சம். கதவைத் தட்டிக்கொண்டிருந்த பெண் போலீஸ் லத்தியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து, சாக்கை நனைத்துச் சித்தியின் மேல் போர்த்தி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடியதைப் பார்த்தேன். அதுதான் ஏட்டம்மா. சித்தி பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதினோராவது நாள் இல்லை.

கருமாதியன்று ஏட்டம்மா நீல நூல் சேலையில் தனியாக வந்தார். காக்கி இல்லாமல் அவரை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. எதிர் வீட்டு மாரியக்காவுக்கு வாய் நீளம். "கதவைத் தட்டுறவுக வந்திருக்காக. தொறந்து வைங்கத்தா. இல்லைன்னா தாழ்ப்பாளைப் பேத்துருவாக" என்றாள்.

"தட்டுனது நான்தான் யக்கா. வேற ஆளு இல்ல" என்றார் ஏட்டம்மா.

எங்கள் அம்மா தண்ணீர் கொடுக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ஏட்டம்மா அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அடுப்புல வச்சது அவ கை. அடுப்படிக்கு விரட்டுனது என் லத்தி. ரெண்டையும் நான் ஒண்ணாத்தான் வச்சுப் பாக்கேன் மதினி. மன்னிச்சுக்கங்கன்னு கேக்க வரல" என்றார். அவர் எழுந்து வாசல்வரை போனதும்தான் அம்மா வாயைத் திறந்தாள். "கருமாதி வீட்டுக்கு வந்தவுக சாப்பிடாமப் போகக்கூடாது" என்றாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். பரிமாறியது நான். இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, அப்பளத்தை மட்டும் நொறுக்காமல் ஓரத்தில் வைத்துவிட்டார். அந்த வீட்டில் சத்தம் எழுப்பக் கூசியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு அடிக்கடி எங்கள் பக்கம் வந்தார். குழாயடியில் நின்று, "காலையில எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பீக? மறுபடி எப்பப் பத்த வைப்பீக?" என்று கேட்பார். துப்பு எடுக்கிறார் என்று பெண்கள் ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். மாரியக்கா, "எங்க வீட்ல அடுப்பே கெடையாது, ஏட்டம்மா. வெயில்லதான் சோறு பொங்குதோம்" என்றாள். அவர் அதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

நூலகத்துக்கும் வந்தார். நான் பள்ளி விட்டதும் நூலகத்தில்தான் இருப்பேன். ஒருநாள் மேலதிகாரிகள் அனுப்பிய சுற்றறிக்கை ஒன்றை மேசையில் விரித்து, "தேவைக்கு மிகாத பலம்" என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுக்கு என்ன தாயி அர்த்தம்?" என்று கேட்டார். நான் அகராதியை எடுத்துவந்து மிகாத என்றால் அதிகமாகாத என்று காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அது தெரியுது. தேவை எம்புட்டுன்னு யாரு அளக்குறது? அடிபடுறவனைக் கேட்டா ஒண்ணுகூட வேண்டாம்பான். அடிக்கிறவனைக் கேட்டா இன்னும் ரெண்டு போதாதும்பான். அளந்து பாக்க ஒரு படி வேண்டாமா?"

அகராதியில் அதற்கு விடை இல்லை. இருவரும் சேர்ந்து சிரித்தோம். பிறகு அவர் எனக்கு ஒன்று சொன்னார். மருந்து அறைக்குள் வேலை செய்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள், இரும்புச் சாமான் எதையும் கொண்டுபோகமாட்டார்கள், கீழே விழுந்ததை இழுக்கமாட்டார்கள், ஓடவே மாட்டார்கள். உரசலில் ஒரு பொறி பறந்தால் போதும், எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்பது பட்டாசு வேலை தெரிந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். "எங்க ஆளுக பூட்ஸுல லாடம் இருக்கு. லத்தி நுனியில இரும்புப் பூண் இருக்கு. வீடு பூரா மருந்தா இருக்கிற தெருவுக்குள்ள அதோட ஓடி வந்தோம். எங்களைத்தான் முதல்ல பிடிச்சு உள்ள போட்டிருக்கணும்" என்றார்.

அப்போதிருந்த இன்ஸ்பெக்டரிடம் அவர் அனுமதி கேட்ட கதையை அவரே தெருவில் நடித்துக் காட்டினார். ரெய்டுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, லத்தியை ஜீப்பிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றாராம். இன்ஸ்பெக்டர், "பூஜைக்கா போறோம்?" என்றாராம். "பூஜைக்குன்னா செருப்பை மட்டும் களட்டுனாப் போதும் சார். இங்கன லத்தியையும் களட்டணும்" என்றாராம். கடைசியில் இன்ஸ்பெக்டர், ஒரு தடவை செய்து பாருங்கள், ஏதாவது ஆனால் உங்கள் தலையில்தான் விடியும் என்று சொன்னாராம்.

அந்த முதல் தடவையை நான் பார்த்தேன். அடுப்பெல்லாம் அணைந்திருக்கும் நேரம், பத்தரை மணி. பள்ளி விடுமுறை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. ஏட்டம்மாவும் நாலு போலீஸும் இறங்கினார்கள். ஐந்து பேரும் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். ஒருவருடைய காலுறையில் பெரிய ஓட்டை, கட்டைவிரல் வெளியே தெரிந்தது. மாரியக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். போலீஸைப் பார்த்து எங்கள் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுவே முதல் தடவை.

ஏட்டம்மா கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார். "யாரும் ஓட வேண்டாம். அடுப்பு எரிஞ்சா அணைங்க. திரி எங்கன கெடக்கோ அங்கனயே கெடக்கட்டும், தொடாதீக. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நடந்து வெளிய வாங்க. பத்து நிமிசம் இங்கனயே நிப்பேன். அதுக்குள்ள உள்ள வரமாட்டோம்."

"பத்து நிமிசம்னு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக் கடிகாரம் ஓடாதே" என்று யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள்.

"எங்கிட்ட ஓடுது. நான் சொல்லுதேன். ஒண்ணு ஆச்சு."

அவர் நிமிடத்தை எண்ணிச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. ஏழு சொல்லும்போது தெரு முழுக்க வெளியே நின்றது. பிறகு அவர்கள் வெறுங்காலோடு வீட்டுக்குள் போய், கிடந்த திரியைக் கிடந்த இடத்திலேயே நனைத்து, ஈரச் சாக்கில் கட்டினார்கள். கேஸ் போடாமல் விடவில்லை. ஆறு பேர் மேல் போட்டார்கள், அதில் அம்மாவும் ஒருத்தி. கோர்ட்டில் அபராதம் கட்டினோம். ஆனால் அந்த ஆறு பேரும் தாங்களாகவே நடந்துபோய் ஜீப்பில் ஏறினார்கள். ஒருவர் முடியையும் யாரும் பிடிக்கவில்லை. சித்தி வீட்டுக் கதவைத் தாண்டும்போது ஏட்டம்மா ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன்.

ஸ்டேஷனில் அவரைக் கேலி செய்தார்கள். "அடுத்த தடவை ஏட்டம்மா வெத்தலை பாக்கு வச்சு அழைப்பாக" என்றார்களாம். ஆனாலும் அந்த வருடமும் அடுத்த வருடமும் எங்கள் சுற்று வட்டத்தில் ரெய்டுகள் அப்படித்தான் நடந்தன. ஒருவருக்கும் தீக்காயம் இல்லை. ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. குடித்துவிட்டுத் திட்டிய ஒருவரை இளம் போலீஸ் ஒருவர் ஓங்கப் போனபோது, "கையை மடக்குலே. வாயால திட்டினவனுக்கு வாயால பதில் சொல்லு. உனக்கென்ன வாயில்லையா?" என்று அவர் அதட்டியதை நானே கேட்டேன்.

இனி எழுதப் போவது, எழுதாமல் இருக்க நான் மூன்று நாள் சாக்குத் தேடிய இடம்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது நடந்த ரெய்டு அது. தெருவில் கருந்திரி குறைந்திருந்தது, நிற்கவில்லை. இந்தத் தடவை போலீஸுக்கு ஏஜெண்டே வேண்டியிருந்தது. வெம்பக்கோட்டை போகும் ரோட்டுப் பக்கம் அவருடைய ஷெட் இருந்தது. எல்லா வீட்டுத் திரியும் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு குழு தெருவுக்கு வருவது, தெரு வெளியே வந்ததும் இன்னொரு குழு ஷெட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. ஏட்டம்மா தண்ணீர்த் தொட்டியடியில் நின்று வழக்கம்போல் கூப்பிட்டார். "ஒண்ணு ஆச்சு."

அம்மா என் கையில் ஒரு ரூபாய்க் காசை வைத்து அழுத்தினாள். "மகா, வெளிய போறபோது ஏஜெண்டுக்கு ஒரு போனைப் போட்டுரு. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காகன்னு சொல்லு. அவரு மாட்டுனா இந்தத் தெருவுக்கே சீசன் இல்ல."

அண்ணாச்சி கடை முகப்பில் ஒரு ரூபாய் போன் தொங்கும். ஏட்டம்மா நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரம்கூட இருக்காது. நான் ஓடவில்லை. ஓட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், நிதானமாக நடந்துபோய், காசைப் போட்டு, எண்ணை அழுத்தி, அம்மா சொன்னதைச் சொன்னேன். வைத்துவிட்டுத் திரும்பினால் ஏட்டம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "நாலு ஆச்சு" என்றார்.

ஷெட் காலியாக இருந்தது. தரையில் கறுப்புத் தூள் மட்டும் கிடந்ததாம்.

பத்து நாளில் ஏட்டம்மாவுக்கு மெமோ வந்தது. எச்சரிக்கை செய்வது என்ற பெயரில் முக்கியக் குற்றவாளிக்குத் தகவல் கொடுத்துத் தப்பவிட்டார் என்று குற்றச்சாட்டு. பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரணை நடந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தெருப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, யாராவது போன் செய்தீர்களா என்று அதிகாரி கேட்டார். "நாங்க ஒண்ணும் பாக்கல சார்" என்றாள் அம்மா. "எங்க வீட்ல திரியே கெடையாது சார்" என்றாள் மாரியக்கா. எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எல்லோரும் அதையே சொன்னதால், தகவல் கொடுக்க மிச்சம் இருந்தது ஏட்டம்மா ஒருவர்தான்.

கடைசியாக அவரைக் கேட்டார்கள். "நீங்க அங்கேயேதானே நின்னீங்க? தெருவுல யாரும் நடமாடினதைப் பார்க்கலையா?"

"பாத்தேன் சார். நடமாட்டம் இருந்துச்சு. ஓடக்கூடாதுன்னுதான் சொல்லியிருந்தேன். நடக்கக்கூடாதுன்னு சொல்லல."

அதிகாரிக்குக் கோபம் வந்தது. ஏட்டம்மா நான் நின்ற ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அவரை சிவகாசியில் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். விசாரணை முடியாமலே இருந்தது. அந்தப் பத்து நிமிட அவகாசமும் நிறுத்தப்பட்டது. அடுத்த சீசனில் போலீஸ் பழையபடி விசிலோடும் லத்தியோடும் ஓடி வந்தது. மாரியக்காவின் மணிக்கட்டு லத்தியடியில் முறிந்து, இரும்புத் தகடு வைத்தார்கள். அவளால் இப்போது குடம் தூக்க முடியாது. சித்தியைப்போல் யாரும் அடுப்படிக்கு ஓடவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது சிவகாசி பேருந்து நிலையத்தில். பிளஸ் டூ புத்தகம் வாங்கப் போயிருந்தேன். உச்சி வெயிலில் நடுரோட்டில் நின்று லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். பழைய தொப்பிதான், இன்னும் பெரிதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஓரமாக வந்தார். "சாப்பிட்டியா தாயி? அம்மா எப்படி இருக்காக?" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னைக்குப் போன் போட்டது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். "போன்ல உன் அஞ்சு விரலும் கறுப்பா அப்பியிருந்துச்சு. நான்தான் கர்சீப்பால தொடச்சேன். நான் செஞ்சதும் தப்புதான். சட்டப்படி பாத்தா பெரிய தப்பு."

"ஏன் சொல்லல? என்னையக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "சொல்லியிருப்பே. பயந்துபோய் சொல்லியிருப்பே. நானும் சர்வீஸ்ல எத்தனையோ வாக்குமூலம் அடிச்சு வாங்கியிருக்கேன் தாயி. ஒண்ணுகூட நெலைச்சதில்ல. கோர்ட்டுல போய் மாத்திச் சொல்லிருவான். இல்லைன்னா செய்யாதவன் ஆமான்னு சொல்லியிருப்பான். நீ எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு. எங்கிட்ட இல்ல. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு."

ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. "ஏலே, உனக்கு மட்டுந்தான் ரோடா?" என்று கத்திக்கொண்டே நடுரோட்டுக்குப் போய்விட்டார். நான் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் மகளிர் குழு இரங்கல் கூட்டம் வைத்தது. ஸ்டேஷனிலிருந்து புது இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். படம் மங்கலாக இருந்தது, கண்கள் மட்டும் அவருடையவை. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிறவள் என்பதால் அஞ்சலி உரையை என்னிடம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கருணையின் வடிவம், கடமையின் இலக்கணம் என்றெல்லாம் அதில் இருந்தது. முதல் வரியை வாசித்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. தாளை மடித்தேன்.

"அன்னைக்கு ஏஜெண்டுக்குப் போன் போட்டது நான்" என்றேன். "ஏட்டம்மா இல்ல."

பெண்கள் வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். "போடச் சொன்னது நான். பிள்ளையை விட்டுருங்க. விசாரணையில ஒண்ணும் பாக்கலைன்னு சொன்னேன். பொய்தான் சொன்னேன். என் தங்கச்சியைத் தீயில இருந்து தூக்கினவுகளுக்கு எதிரா அந்தப் பொய்யைச் சொன்னேன்." அதற்குமேல் அம்மாவுக்கு வாய் கோணிக்கொண்டது.

மாரியக்கா உட்கார்ந்தபடியே மணிக்கட்டைத் தூக்கினாள். "எங்க வீட்ல மூணு கட்டுத் திரி கெடந்துச்சு சார். இல்லவே இல்லைன்னேன்." பிறகு இன்னும் நாலு பேர் சொன்னார்கள். ஒருத்தி சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர், "இதை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார்.

"எளுதிக் குடுத்தா கேஸ் போடுவீகளா?" என்றாள் அம்மா.

"போட வேண்டியிருக்கும்மா."

"போடுங்க. அவுக பேர்ல எளுதியிருக்கிறதை அளிச்சிருங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "ஆள் இறந்ததும் அந்த ஃபைலை மூடிட்டாங்கம்மா. குத்தம் செஞ்சாங்கன்னும் இல்ல, செய்யலைன்னும் இல்ல. அழிக்க அதுல ஒண்ணும் இல்ல" என்றார். சொல்ல அவருக்கும் கஷ்டமாக இருந்தது என்பதை நான் உண்மையாகவே எழுதுகிறேன்.

"மூடிட்டா சரியாப் போச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"அப்ப அந்தப் பத்து நிமிசம்?" என்று நான் கேட்டேன். "அவங்க தகவல் குடுத்தாங்கன்னுதானே நிறுத்துனீங்க. அவங்க குடுக்கலையே. வர்ற சீசனுக்கு எப்படி வருவீங்க சார்?"

உடன் வந்த காவலர் என்னை முறைத்தார். இன்ஸ்பெக்டர் முறைக்கவில்லை. "நான் தனியா முடிவு பண்ண முடியாது. நடந்ததை முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. அதை வச்சு மேல எழுதுறேன்" என்றார். செய்வாரா என்று எனக்குத் தெரியாது. எழுதினால் வருமா என்றும் தெரியாது.

அதனால்தான் இதை இரண்டு பிரதிகளாக எழுதியிருக்கிறேன். ஒன்று இந்த இதழுக்கு. இன்னொன்று நாளைக் காலை ஸ்டேஷனுக்கு. ஏட்டம்மாவை அறிந்த நீங்கள் எல்லோரும் உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதிச் சேருங்கள். சீசன் தொடங்க இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் சொன்ன எந்த வாக்கியமும் இல்லை. அவர் என்னைக் கேட்காமல் விட்டதை வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை மிரட்டியிருந்தால் அவர்மேல் விழுந்த பழி நீங்கியிருக்கும், வெயிலில் நின்றிருக்கமாட்டார். அது தெரிந்தும் மிரட்டாமல் இருந்தார். நான் தாமதமாகச் சொன்னேன். யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை. இந்தத் துக்கத்தோடு நான் எத்தனை வருடம் இருக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

அம்மா என் பக்கத்தில் நின்று இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் எடுத்துக்கொள்கிறாள். நூலகர் அக்கா அதுவரை நூலகத்தை மூடாமல் பொறுத்திருந்தார். இந்த வரியை வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.